லீவர் நகரவில்லையா? சிக்கிக்கொண்ட பழைய ஃபிலிம் கேமராவை வீட்டிலேயே சரிசெய்வது எப்படி

சித்தப்பாவின் பழைய யாஷிகா என் கையில்தான் உடைந்தது. பத்து வருடங்களுக்கு மேல் பீரோவில் கிடந்த கேமரா அது. அடுத்த படத்துக்கு ஃபிலிமை நகர்த்தும் லீவரை இழுத்தேன், பாதி வழியில் நின்றுவிட்டது. கட்டைவிரலை நன்றாகக் கொடுத்து இன்னும் கொஞ்சம் இழுத்தேன். உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம். அதற்கப்புறம் லீவர் எந்தத் தடையும் இல்லாமல் முன்னும் பின்னும் ஆடியது. திருவல்லிக்கேணியில் கேமரா பழுது பார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். திறந்து பார்த்துவிட்டு, பல் போன சின்னப் பித்தளைச் சக்கரம் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். “உள்ள ரோல் முடிஞ்சிருக்கு தம்பி. அதான் நின்னுது. அடியில பட்டனை அமுக்கி ரோலைச் சுத்தியிருந்தீங்கன்னா ஒண்ணும் ஆயிருக்காது” என்றார். அந்தச் சக்கரத்துக்கு மாற்றுக் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு அப்பாவின் பென்டாக்ஸ் கே1000, நண்பர்கள் கொடுத்தவை, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கியவை என்று பல கேமராக்களைப் பார்த்துவிட்டேன். ‘ஜாம் ஆகிவிட்டது’ என்று வந்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஸ்க்ரூ டிரைவரே தேவைப்படவில்லை. கேமரா ஏதோ ஒரு காரணத்துக்காகத் தன்னைத்தானே பூட்டிக்கொண்டிருக்கும். எதற்காகப் பூட்டிக்கொண்டது என்று கண்டுபிடித்தால் போதும். அதனால் இந்தக் கட்டுரையில் கேமராவைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டியவைதான் முதலில் வருகின்றன. அவற்றை ஒன்றுவிடாமல் செய்து பார்த்த பிறகே அடுத்த கட்டத்துக்குப் போங்கள்.

முழுக்க ஒரே ஒரு விதிதான். லீவரை இரண்டு விரல் நுனியால் இழுக்க முடிகிற வரைதான் இழுக்கலாம். அதற்கு மேல் பலம் கொடுக்கத் தோன்றினால், கையை எடுத்துவிடுங்கள்.

முதலில்: உண்மையிலேயே சிக்கியிருக்கிறதா?

உங்கள் கேமரா எந்த மாடல் என்று பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு.

நிக்கான் எஃப்.எம்.2 (1982இல் வந்தது) வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறை, “பட்டனை அமுக்கினால் ஒன்றுமே நடக்கவில்லை” என்பது. அதில் லீவர் உடம்போடு ஒட்டி இருந்தால் பட்டன் பூட்டிக்கொள்ளும். பையில் இருக்கும்போது தவறுதலாகப் படம் விழக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. லீவரைக் கொஞ்சம் வெளியே இழுத்து விடுங்கள், முதல் நிறுத்தத்தில் நிற்கும். இப்போது அமுக்கிப் பாருங்கள்.

கேனான் ஏ.ஈ.-1 (1976) கேமராவின் ஷட்டரை, அதாவது ஒரு நொடி திறந்து ஃபிலிமுக்கு ஒளியை விடும் திரையை, மின்சாரம்தான் விடுவிக்கிறது. பேட்டரி தீர்ந்தால் பட்டனும் வேலை செய்யாது, ஏற்கெனவே முழுதாக இழுத்து ஏற்றப்பட்ட லீவரும் நகராது. பார்ப்பதற்கு அசல் ஜாம் போலவே இருக்கும். புதிய 6 வோல்ட் பேட்டரி போட்டவுடன் உயிர் வந்துவிடும். லீவரைச் சுற்றியுள்ள சுவிட்ச் ‘எல்’ என்ற எழுத்தில் இருந்தாலும் இதே கதைதான், ‘ஏ’ பக்கம் திருப்புங்கள்.

பென்டாக்ஸ் எம்.ஈ. சூப்பரிலும் ‘எல்’ பூட்டு உண்டு. பேட்டரி செத்த நிலையில் படம் எடுத்தால் லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடி மேலேயே நின்றுவிடும். டயலை 125எக்ஸ் என்ற இடத்துக்குத் திருப்பினால் கீழே இறங்கும். ஒலிம்பஸ் ஓ.எம்.-10இல் கண்ணாடி இப்படி மாட்டிக்கொண்டால் டயலை ‘பி’க்கு (பட்டனை அமுக்கியிருக்கும் வரை ஷட்டர் திறந்திருக்கும் நிலை) திருப்ப வேண்டும்.

ஒலிம்பஸ் ட்ரிப் 35 ரொம்ப நல்ல கேமரா, பேட்டரியே வேண்டாம். லென்ஸைச் சுற்றியிருக்கும் செலினியம் வளையமே வெளிச்சத்தை அளந்துகொள்கிறது. ஆனால் வெளிச்சம் போதவில்லை என்றால் கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டருக்குள் ஒரு சிவப்புக் கொடி எழும்பும், பட்டன் இறங்காது. டியூப்லைட் வெளிச்சத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு ‘ஜாம்’ என்று விற்றுவிடுகிறார்கள். மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் வெயிலில் அமுக்கிப் பாருங்கள்.

கோடாக் ரெட்டினா 3சி போன்ற ஜெர்மன் கேமராக்களில் எண்ணும் முள் 36இலிருந்து கீழ்நோக்கி வரும். 1க்கு வந்ததும் லீவர் பூட்டிக்கொள்ளும். உள்ளே ஃபிலிம் இருக்கிறதா இல்லையா என்பது அதற்குத் தெரியாது, எண்ணிக்கை தீர்ந்தால் நிறுத்திவிடும். முள்ளை மீண்டும் 36க்குக் கொண்டுவந்தால் போதும்.

பிறகு செல்ஃப் டைமர், பட்டனை அமுக்கிச் சில விநாடி கழித்துப் படம் எடுக்கும் அமைப்பு. ஐம்பது அறுபது வருடப் பழைய கேமராக்களில் முதலில் செத்துப்போவது இதுதான். அதன் சின்ன லீவர் பாதியில் நின்று மொத்த ஷட்டரையும் பிடித்துக்கொள்ளும். நகப் பட்டையால் மெதுவாக, அது போக வேண்டிய திசையிலேயே தள்ளிவிட்டால் சில நேரம் முடித்துக்கொள்ளும். சரியானாலும் அதை மறுபடி தொடாதீர்கள். புதிதாகப் பழைய கேமரா வாங்கும் எவருக்கும் நான் முதலில் சொல்வது, செல்ஃப் டைமரைச் சோதித்துப் பார்க்க வேண்டாம் என்பதுதான்.

ஷட்டர் வேகத்தை மாற்றுவதிலும் ஒரு ஒழுங்கு உண்டு. ஃபெட், ஜோர்க்கி போன்ற சோவியத் கேமராக்களில் லீவரை ஏற்றிய பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும். ஏற்றாமல் மாற்றினால் உள்ளே இருக்கும் ஊசி தவறான இடத்தில் உட்கார்ந்துவிடும். ஜெனிட் வைத்திருப்பவர்களும் இதையே பழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

உள்ளே ரோல் இருக்கிறதா?

சித்தப்பா கேமராவில் நான் தவறவிட்ட கட்டம் இது. இடது பக்கம் மேலே இருக்கும் ரீவைண்ட் கைப்பிடியை மடக்கி எடுத்து, அம்புக்குறி காட்டும் பக்கம் மெதுவாகச் சுற்றுங்கள். தங்கு தடையின்றிச் சுற்றினால் உள்ளே ரோல் இல்லை, அல்லது ரோல் மாட்டவில்லை. கொஞ்சம் சுற்றியதும் இறுகினால் உள்ளே ஃபிலிம் இருக்கிறது என்று பொருள்.

ஃபிலிம் இருந்து, லீவரும் பாதியில் நின்றிருந்தால் ரோல் முடிந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அடிப்பக்கத்தில் சிறு பட்டன் ஒன்று இருக்கும். அதை அமுக்கிக்கொண்டு கைப்பிடியைச் சுற்றுங்கள். சுற்றச் சுற்ற லேசான இழுப்பு விரலில் தெரியும். கடைசியில் ‘சட்’ என்று இழுப்பு விட்டுப்போகும், ஃபிலிம் டப்பாவுக்குள் போய்விட்டது. பிறகு லீவரை இழுத்தால் பெரும்பாலும் முழுச் சுற்றும் வந்துவிடும்.

சுற்றவும் முடியவில்லை என்றால் ஓரத்துத் துளைகள் கிழிந்து ஃபிலிம் எங்கோ மாட்டியிருக்கும். பின்கதவைத் திறந்துதான் ஆக வேண்டும், ஆனால் இருட்டில். சென்னை ஃபிளாட்டில் முழு இருட்டு கிடைப்பது கஷ்டம், தெருவிளக்கு எப்படியும் உள்ளே வந்துவிடும். நான் செய்வது இது. இரவு பத்து மணிக்கு மேல் ஜன்னல் இல்லாத பாத்ரூம், கதவிடுக்கில் ஈரத்துண்டு, மேலே தடிமனான கம்பளி, அதற்குள் இரண்டு கை, கேமரா, ஒளி புகாத ஒரு டப்பா. செல்ஃபோனை வெளியே வைத்துவிடுங்கள், ஸ்மார்ட் வாட்ச்சையும் கழற்றிவிடுங்கள். ஃபிலிமை விரலால் ஓரத்தைப் பிடித்து எடுத்து டப்பாவில் போட்டு மூடியபின் வெளிச்சத்துக்கு வாருங்கள். அந்த டப்பாவை அப்படியே ஃபிலிம் கழுவும் லேபில் கொடுத்து, ‘உள்ளே ஃபிலிம் வெறும் சுருளாக இருக்கிறது, இருட்டில் திறக்கணும்’ என்று மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

ஃபிலிமை எடுத்த பிறகு பல்சக்கரத்தின் அருகே டார்ச் அடித்துப் பாருங்கள். கிழிந்த ஃபிலிம் துணுக்கு ஒன்று, நகம் வெட்டிய துண்டு அளவுக்கு, பற்களுக்கிடையில் கிடக்கலாம். அது ஒன்றே போதும், கேமரா நிற்பதற்கு.

தேவைப்படும் சாமான்கள்

நல்ல ஸ்க்ரூ டிரைவர் செட் ஒன்று வேண்டும். ஜப்பான் கேமராக்களில் இருப்பவை நமக்குப் பழக்கமான ஸ்டார் ஸ்க்ரூ போலவே தெரியும். ஆனால் அவற்றின் குறுக்குப் பள்ளம் ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானியத் தரத்தில் வெட்டப்பட்டது. சாதாரண ஸ்டார் டிரைவர் அதில் முழுதாக இறங்காது. அழுத்தித் திருப்பினால் வழுக்கி, ஸ்க்ரூவின் தலையைத் தேய்த்துவிடும். தேய்ந்த பிறகு அதைக் கழற்றுவது தனி வேதனை. ரிச்சி தெருவில் நுண்ணிய டிரைவர்கள் விற்கும் கடைகளில் ஜே.ஐ.எஸ். என்று கேட்டு வாங்குங்கள். அதே தெருவில் சர்க்யூட் போர்டு துடைக்கும் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் கிடைக்கும். தண்ணீர் குறைவான, 99 சதவீதம் என்று எழுதியிருப்பதை எடுங்கள்.

சிகரெட் லைட்டரில் ஊற்றும் திரவம் ஒரு சின்னக் குப்பி. கேஸ் நிரப்பும் டின் அல்ல, திரவம். இறுகிப்போன பழைய கிரீஸைக் கரைப்பதற்கு இதைவிட நல்லதை நான் பார்க்கவில்லை, காய்ந்த பிறகு கறை வைக்காது. ஆனால் பெட்ரோல் போலத் தீப்பிடிக்கும். பக்கத்தில் சாமி விளக்கு, ஊதுவத்தி, கொசுவத்தி எதுவும் எரியக் கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

மீதியெல்லாம் வீட்டிலேயே இருக்கும்: பல் குத்தும் மரக்குச்சி, காது பட்ஸ், தையல் ஊசி, ஜீரோ நம்பர் பெயின்டிங் பிரஷ், டார்ச், வெள்ளைத் துண்டு. பூதக் கண்ணாடி ஒன்று கட்டாயம். ஸ்க்ரூ வைக்க நான் பணியாரக் கல்லை எடுத்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டுக் கல்லில் ஏழு குழி. முதலில் கழற்றியது முதல் குழியில், அடுத்தது அதன் வலப்பக்கக் குழியில் என்று வரிசையாகப் போட்டால், திரும்ப மாட்டும்போது பின்னாலிருந்து வந்தால் போதும். கழற்றுகிற ஒவ்வொன்றையும் செல்ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ‘இது ஞாபகம் இருக்கும்’ என்று நினைப்பதுதான் மறந்துபோகும்.

எதை வாங்கக் கூடாது என்பதும் முக்கியம். துரு விடுவிக்கும் ஸ்ப்ரே, தையல் மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய் எதுவும் கேமராவுக்குள் போகக் கூடாது. நம் வீடுகளில் தாழ்ப்பாள் இறுகினால் தேங்காய் எண்ணெய் விடுவது பழக்கம், கை தன்னால் போகும். எண்ணெய் ஒரே இடத்தில் நிற்காது, ஊர்ந்து ஊர்ந்து ஷட்டர் இதழ்களுக்கு வந்து சேரும். காகிதத்தைவிட மெல்லிய இதழ்களுக்கிடையே எண்ணெய் புகுந்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஈரக் கண்ணாடித் துண்டுகள் இரண்டு ஒட்டிக்கொள்வது போல.

வேலை செய்கிற நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். சித்திரை வைகாசியில் மத்தியானம் உட்கார்ந்தால் நெற்றி வியர்வை நேராகக் கேமராவுக்குள் விழும். ஃபேன் போட்டால் ஸ்பிரிங் பறந்துவிடும். காலை ஏழு மணிக்கு, ஃபேன் இல்லாமல், தலையில் ஒரு துண்டு கட்டிக்கொண்டு உட்காருவது எனக்குச் சரிப்படுகிறது.

பேட்டரி அறை

நாணயத்தால் மூடியைத் திருப்பித் திறங்கள். பழைய பேட்டரி உள்ளேயே இருந்து கசிந்திருந்தால் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும். ஆல்கலைன் பேட்டரியின் கசிவு காரத்தன்மை உள்ளது, அதனால் வினிகர் தொட்ட பட்ஸால் துடைத்தால் நுரைத்துக் கரையும். எலுமிச்சைச் சாறும் செய்யும். பிறகு ஆல்கஹால் தொட்டு இன்னொரு முறை. தகடு பளிச்சென்று தெரியும் வரை விடாதீர்கள். பொடியை ஊதாதீர்கள், கண்ணில் படும்.

பேட்டரி எதற்கு என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கே1000இல் ஒரே ஒரு எல்.ஆர்.44, அதுவும் வெளிச்சம் அளக்கும் முள்ளுக்கு மட்டும். பேட்டரி இல்லாமலே ஷட்டர் 1 விநாடியிலிருந்து 1/1000 வரை ஓடும். எனவே கே1000 நின்றுபோனால் பேட்டரியைக் குறை சொல்ல முடியாது. யாஷிகா எலக்ட்ரோ 35 (1966) வேறு மாதிரி: பேட்டரி இல்லாவிட்டாலும் ‘கிளிக்’ சத்தம் வரும், ஆனால் எப்போதும் 1/500 விநாடிதான். சத்தம் கேட்டு ஏமாந்து ஒரு முழு ரோலை இருட்டாக எடுத்தவர்கள் உண்டு.

கண்ணாடி ஒட்டிக்கொண்டால்

எஸ்.எல்.ஆர். கேமராவில் (லென்ஸ் வழியே வரும் காட்சியைக் கண்ணாடி கண்ணுக்குத் திருப்பும் வகை) வ்யூஃபைண்டர் இருட்டாக இருக்கிறது, லென்ஸைக் கழற்றினால் கண்ணாடி மேலே தூக்கியபடி நிற்கிறது. சென்னைக் கேமராக்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன். காரணம் பெரும்பாலும் ஒரு துண்டு ஸ்பாஞ்ச். கண்ணாடி மேலே வந்து மோதும்போது அதிராமல் இருக்க அங்கே மெல்லிய ஃபோம் பட்டை ஒட்டியிருப்பார்கள். முப்பது நாற்பது வருடத்தில், அதுவும் நம்மூர் வெக்கையிலும் ஈரத்திலும், அது தார் மாதிரி உருகிவிடுகிறது. கண்ணாடி போய் மோதியதும் ‘பச்’சென்று ஒட்டிக்கொள்கிறது.

டார்ச் அடித்து, பூதக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். ஃபோம் சாதாரணமாக இருந்தால் அதில் சின்னச் சின்னத் துளைகள் தெரியும். உருகியது கருகிய வெல்லப்பாகு போல மினுமினுக்கும், குச்சியால் தொட்டால் நூல் இழுக்கும். அப்படி இருந்தால் கேமராவை வாய் கீழே பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, மரக்குச்சியின் நுனியைக் கண்ணாடியின் ஓரத்துக்கும் ஃபோமுக்கும் நடுவில் நுழைத்து, பக்கவாட்டில் மெதுவாக நகர்த்துங்கள். விட்டதும் கண்ணாடி தானாக இறங்கும். கையால் இழுக்கக் கூடாது. கேமராக் கண்ணாடியில் வெள்ளிப்பூச்சு முன்பக்கமே இருக்கிறது, நம் வீட்டு நிலைக்கண்ணாடி மாதிரி பின்னால் அல்ல. விரல் பட்டால் ரேகை, துணி பட்டால் கீறல்.

பிறகு கண்ணாடியின் மேல் ஒரு மெல்லிய காகிதத்தை வைத்து மறைத்துவிட்டு, பழைய ஃபோமைக் குச்சியால் சுரண்டி எடுங்கள். மிச்சப் பிசினை ஆல்கஹாலில் லேசாக நனைத்த பட்ஸால் துடையுங்கள். லேசாக என்றால், பிழிந்தால் சொட்டக் கூடாது. மேலே இருக்கும் ஃபோகஸ் திரை பெரும்பாலும் பிளாஸ்டிக், ஆல்கஹால் பட்டால் வெளிறிவிடும். புது ஃபோமுக்குக் கைவினைப் பொருட்கள் விற்கும் கடையில் கிடைக்கும் ஒட்டும் கருப்பு ஷீட் போதும். பழையது எவ்வளவு தடிமனோ அவ்வளவே இருக்க வேண்டும். தடித்துப்போனால் கண்ணாடி முழுதாக மேலே போகாமல் படத்தின் விளிம்பை மறைக்கும்.

பின்கதவின் பள்ளங்களிலும் இதே ஃபோம்தான். அது உதிர்ந்தால் ஒளி புகுந்து படத்தில் ஆரஞ்சுக் கோடு விழும். அங்கே கருப்புக் கம்பளி நூலை அழுத்தி வைத்தாலே போதுமானது.

ஃபோம் நன்றாக இருந்தும் கண்ணாடி மேலேயே நிற்கிறதென்றால் சிக்கல் வேறிடத்தில். அப்போது கண்ணாடியை விட்டுவிட்டு அடிப்பக்கத்துக்குப் போங்கள்.

அடித்தட்டைத் திறப்பது

வீட்டில் செய்யக்கூடிய வேலைகளில் இதுதான் மிகவும் பயனுள்ளது. இயந்திரக் கேமராக்களில் ஆபத்தும் குறைவு. அப்பாவின் கே1000ஐ நான் சரிசெய்தது இங்கேதான். லீவர் முக்கால் சுற்று வந்து நின்றது, உள்ளே ரோல் இல்லை, பூட்டு இல்லை, ஃபோமும் ஒட்டவில்லை.

திறப்பதற்கு முன் அடித்தட்டைத் தடவிப் பாருங்கள். ட்ரைபாட் துளைக்குப் பக்கத்தில் உள்நோக்கி ஒடுங்கியிருக்கிறதா, அல்லது உப்பியிருக்கிறதா? தேவைக்கு மேல் நீளமான ட்ரைபாட் திருகாணி, கீழே விழுந்த அடி, இரண்டும் தட்டை உள்ளே தள்ளிப் பற்சக்கரத்தோடு உரச வைக்கும். அப்படியானால் தட்டைக் கழற்றியதுமே லீவர் ஓடிவிடும். தட்டை மரக்கட்டை மேல் வைத்து நிமிர்த்தினால் வேலை முடிந்தது.

கேமராவைத் துண்டின் மேல் குப்புற வைத்து, ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். டிரைவரைச் செங்குத்தாக வைத்து, திருப்புவதைவிட அழுத்துவதற்கு அதிக பலம் கொடுங்கள். ஒரு ஸ்க்ரூ நகர மறுத்தால் லைட்டர் திரவத்தை ஊசி நுனியால் அதன் ஓரத்தில் விட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். சில கேமராக்களில் இடம்புரி ஸ்க்ரூக்களும் உண்டு, ஒரு பக்கம் இறுகினால் மறுபக்கம் முயன்று பார்த்துவிட்டே பலம் கொடுங்கள். ஸ்க்ரூக்கள் ஒரே நீளம் என்று நம்பிவிடாதீர்கள்.

தட்டை எடுத்ததும் பற்சக்கரங்களும், கேமராவின் குறுக்கே ஓடும் நீளத் தகடும், சில ஸ்பிரிங்குகளும் தெரியும். எதையும் தொடாமல் ஐந்து நிமிடம் பாருங்கள். லீவரை மிக மெதுவாக இழுத்து, எது நகர்கிறது, எது நகர்ந்து நிற்கிறது என்று கவனியுங்கள். லீவரின் அச்சு கீழே வந்து சக்கரங்களைத் திருப்புகிறது, சக்கரங்கள் ஷட்டர் திரையைச் சுருட்டுகின்றன, நீளத் தகடு நகர்ந்து கண்ணாடியின் ஸ்பிரிங்கை ஏற்றுகிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி கடைசியாக நகர்ந்தது? சிக்கல் அதற்கு அடுத்த கண்ணியில்.

கே1000இல் இரண்டு சக்கரங்கள் சந்திக்கும் இடத்தில்தான் நின்றது. வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தபோது பற்களுக்கிடையே ஒரு மினுக்கம். பூதக் கண்ணாடியில் பார்த்தால் கண்ணாடிச் சில்லு போல, தேன் நிறத்தில், ஒரு மணல் துகள். பழைய கிரீஸுக்குள் பதிந்து உட்கார்ந்திருந்தது. அப்பா எங்களை மெரினாவுக்கும் மகாபலிபுரத்துக்கும் அந்தக் கேமராவோடுதான் கூட்டிப்போவார். ஊசியால் குத்தினால் பித்தளையில் கீறல் விழும் என்பதால் மரக்குச்சியைக் கூர் சீவி, லைட்டர் திரவத்தில் நனைத்து, லீவரை ஒரு இம்மி பின்னால் விட்டுப் பல்லைத் தளர்த்திக்கொண்டு, துகளை வெளியே உருட்டினேன். லீவர் முழுச் சுற்று வந்தது. பட்டனை அமுக்கினால் ஷட்டர் விழுந்த சத்தம், சின்ன வயதில் கேட்ட அதே சத்தம். கண்ணில் நீர் வந்துவிட்டது.

துகள் ஒன்றும் இல்லாவிட்டால் குற்றவாளி கிரீஸ்தான். பல வருடம் ஓடாமல் கிடந்த கிரீஸ் மஞ்சளாகி மெழுகு போல இறுகிவிடும். தகடுகள் சுழலும் ஒவ்வொரு அச்சிலும் ஒரு சொட்டு லைட்டர் திரவம் விடுங்கள். சொட்டு என்று நான் சொல்வது தையல் ஊசியின் நுனியில் தொங்குகிற அளவு. பத்து நிமிடம் கழித்துத் தகடுகளை மரக்குச்சியால் லேசாக ஆட்டிப் பாருங்கள். கரைந்து வரும் அழுக்கைப் பட்ஸால் ஒற்றி எடுங்கள், இல்லாவிட்டால் காய்ந்ததும் அங்கேயே திரும்ப உட்காரும். மூன்று நான்கு முறை செய்ய வேண்டியிருக்கலாம். ஒரே நாளில் முடிக்க அவசரப்படாதீர்கள். முதல் நாள் அசையாதது ராத்திரி ஊறி மறுநாள் அசைந்ததுண்டு.

ஒரு எச்சரிக்கை. துணித் திரை ஷட்டர் உள்ள பல கேமராக்களில், திரைகளின் இழுவிசையை வைக்கும் திருகுகள் இந்த அடித்தட்டுக்குக் கீழேதான் இருக்கும், பல் வெட்டிய சிறு சக்கரமும் அதைப் பிடித்த கொக்கியுமாக. பார்த்தவுடன் திருப்பத் தோன்றும். தொடவே தொடாதீர்கள். கொக்கி விலகினால் ஸ்பிரிங் மொத்தமும் ஒரு நொடியில் அவிழ்ந்துவிடும். எல்லா வேகங்களும் கெட்டுப்போகும், அளவுக் கருவி இல்லாமல் மீண்டும் வைக்க முடியாது.

லென்ஸுக்குள் இருக்கும் ஷட்டர்

இரட்டை லென்ஸ் கேமராக்கள், மடிப்புக் கேமராக்கள், பழைய யாஷிகா போன்றவற்றில் ஷட்டர் லென்ஸுக்கு நடுவில், பூவிதழ் போல விரியும். இங்கே பொதுவான வியாதி, இதழ்கள் ஒட்டிக்கொள்வது. பின்கதவைத் திறந்து, வேகத்தை ‘பி’யில் வைத்து, பட்டனை அமுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் பாருங்கள். இதழ்கள் திறக்கவே இல்லையா, சோம்பலாகத் திறக்கின்றனவா, அவற்றின்மேல் எண்ணெய் மினுக்கம் தெரிகிறதா?

இரட்டை லென்ஸ் கேமராக்கள் பலவற்றில் கீழ் லென்ஸின் முன்பகுதி மொத்தமாக மரை கழன்று வரும். வளையத்தைப் பிடிக்கப் பழைய சைக்கிள் டியூப் துண்டை விரலில் சுற்றிக்கொள்ளுங்கள், கொறடு கூடாது. வெளியே வந்ததும் இதழ்கள் நேராகத் தெரியும். லைட்டர் திரவத்தில் நனைத்துப் பிழிந்த பட்ஸால் ஒற்றி, ஷட்டரை நான்கைந்து முறை ஓட்டி, மறுபடி ஒற்றுங்கள். பட்ஸில் அழுக்கு வராத வரை இப்படியே. திரவத்தை ஊற்றி மூழ்கடிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. உள்ளே இருக்கும் மொத்தக் கிரீஸும் கரைந்து இதழ்களுக்கே வந்து சேரும், ஒரு மாதத்தில் அதே ஒட்டல் திரும்பும்.

முன் லென்ஸைச் சுழற்றியே ஃபோகஸ் செய்யும் மடிப்புக் கேமராவாக இருந்தால் அதைக் கழற்றாதீர்கள். எந்த மரையில் ஏறியதோ அதே மரையில் திரும்ப ஏறாவிட்டால் ஃபோகஸ் முழுக்கத் தப்பிவிடும்.

எங்கே நிறுத்த வேண்டும்

ஃபிளாஷ் உள்ளேயே பொருத்திய கேமராவைத் திறக்கவே வேண்டாம். ஃபிளாஷுக்கான கண்டென்சரில் ஏறத்தாழ 300 வோல்ட் வரை தேங்கி நிற்கும், பேட்டரியைக் கழற்றிய பிறகும். கை பட்டால் தூக்கி எறியும்.

மேல்தட்டும் எனக்கு ஒரு எல்லைக்கோடு. மினோல்டா எஸ்.ஆர்.டி. போன்றவற்றில் மேல்தட்டுக்குக் கீழே வெளிச்சம் அளக்கும் முள்ளுக்கான நூல்கள் கப்பியில் ஓடும். நூல் நழுவினால் மீண்டும் கோப்பது பழகியவர் வேலை. ஷட்டர் திரையில் கிழிசல், உடைந்த பல், மின்னணுக் கேமராவில் சர்க்யூட் கோளாறு, இவையும் அப்படித்தான். மவுண்ட் ரோடு, ரிச்சி தெரு பக்கம் விசாரித்தால் இன்னும் இந்த வேலை தெரிந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். கொண்டுபோகும்போது நீங்கள் எதுவரை திறந்தீர்கள், எங்கே திரவம் விட்டீர்கள், லீவர் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். எடுத்த படங்களைக் காட்டுங்கள். அது அவருடைய நேரத்தையும் உங்கள் பணத்தையும் மிச்சப்படுத்தும்.

ஓட ஆரம்பித்த பிறகு

சரியாகிவிட்டது என்று உடனே நல்ல ரோலைப் போடாதீர்கள். முதலில் வெறும் கேமராவில், ஒவ்வொரு வேகத்திலும் பத்து முறை அமுக்குங்கள். பிறகு பின்கதவைத் திறந்துவைத்து ஜன்னலை நோக்கிப் பிடித்து, செல்ஃபோனில் விநாடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில் பதிவு செய்யுங்கள். 1/30 விநாடியில் எட்டு ஃபிரேமுக்கு வெளிச்சம் தெரிய வேண்டும், 1/60இல் நான்கு. எட்டுக்குப் பதில் பன்னிரண்டு வந்தால் ஷட்டர் இன்னும் சோம்பலாக இருக்கிறது, கிரீஸ் மிச்சம் இருக்கிறது. அதிவேகங்களை இப்படி அளக்க முடியாது, மெதுவான வேகங்களுக்கு இது நல்ல சோதனை.

லேபில் கேட்டால் வீணான ரோல் ஒன்று கொடுப்பார்கள். அதைப் போட்டு முழுதும் ஓட்டுங்கள். லீவரை இழுக்கும்போது இடது பக்க ரீவைண்ட் கைப்பிடியும் கூடவே சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றினால் ஃபிலிம் ஓடுகிறது. கடைசியில் லீவர் நிற்கும்போது அந்தத் தடை எப்படி இருக்கிறது என்று விரலுக்குப் பழக்குங்கள். ரோல் முடிந்த தடைக்கும் வேறு சிக்கலின் தடைக்கும் உள்ள வித்தியாசம் இப்படித்தான் பிடிபடும்.

வைத்திருக்கும்போது ஷட்டரை ஏற்றிய நிலையில் வைக்காதீர்கள், ஸ்பிரிங் களைத்துப்போகும். தோல் உறையைக் கழற்றித் தனியே வையுங்கள், அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு லென்ஸில் பூஞ்சை பிடிக்க வைக்கும். காற்றுப் புகாத சாப்பாட்டு டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு கேமராவைப் போட்டு மூடுங்கள். நீல ஜெல் ஈரம் ஏறினால் இளஞ்சிவப்பாக மாறும். அப்போது சமையலுக்கு எடுக்காத பழைய வாணலியில் மிதமான சூட்டில் நீலம் திரும்பும் வரை வறுத்து, ஆறவிட்டுப் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் வீட்டில் பத்து நாளைக்கு ஒரு தடவை இது நடக்கும். அப்படியே கேமராவை வெளியே எடுத்து, எல்லா வேகத்திலும் இரண்டிரண்டு முறை அமுக்கிவிட்டு உள்ளே வைத்துவிடுங்கள்.